கனிஷ்கா கண்டுபிடித்த குரல்

சனிக்கிழமை, ராத்திரி

இன்று அக்கா மகள் கனிஷ்காவுக்குப் பிறந்தநாள். கேக், ஜெலி, பலூன் தோரணம் எல்லாம் வீடியோ பார்த்து நானே செய்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். மழை விடாததால் வாசல் திண்ணை இஸ்தோப்பிலேயே விளையாட்டு. கண்ணைக் கட்டிவிட்டால், பேசுவது யார் என்று சொல்ல வேண்டும். கனிஷ்கா ஒருவரையும் விடவில்லை!

கடைசிக் குரல் அக்காவுடையது. கனிஷ்கா தவழும்போது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அவளுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அதுதான் என் சர்ப்ரைஸ்.

"குட்டிம்மா, நான் யாரு, சொல்லு பாப்போம்?"

"சித்தி! கொரல மாத்தி ஏமாத்தப் பாக்குறியா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவும் சிரித்தாள்.

"ஆமாடி, சித்திதான். கெட்டிக்காரி."

உடனே போனை வைத்துவிட்டாள். கனிஷ்கா பரிசுச் சாக்லேட்டோடு குதித்தாள்.

இப்போது என் பக்கத்தில் தூங்குகிறாள். அக்காவிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது: "நான் அனுப்புன வொய்ஸ் எல்லாம் வச்சிருக்கதானே? தெனமும் அவளுக்குப் போட்டுக் காட்டுடி."

கேக் வீடியோக்களுக்குப் போனில் இடமில்லை என்று அதையெல்லாம் போன வாரம்தான் அழித்தேன். நான் மெசேஜைப் பார்த்துவிட்டது அவளுக்குத் தெரிந்திருக்கும். இன்னும் ஆன்லைனில்தான் இருக்கிறாள்.