கருப்பையா காப்பாற்றப்பட்டார்

அன்புக்கும், சில நேரம் என் கோபத்துக்கும் ஆளான அந்தோனி அண்ணே,

நீங்கள் போய் முப்பது நாளாகிவிட்டது. உங்கள் மாதா கோயிலில் பூசை வைத்தார்கள். முருகன் பக்கத்து ஆளான நானும் வந்து கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். எல்லாரும் எழும்பும்போது உட்கார்ந்தும், உட்காரும்போது எழும்பியும் என்னால் ஆனதைச் செய்தேன். பார்த்துச் சிரித்தீர்களா?

பூண்டுலோயா தபால் கந்தோரில் உங்கள் நாற்காலிக்கு வேறொருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர். தந்தி வந்த கையோடு எழுதிக் கொடுத்துவிடுகிறார். எனக்குத்தான் அது பழகவில்லை. நீங்கள் வந்த ஒவ்வொரு தந்தியையும் அனுப்பியவருக்கே திருப்பித் தட்டி, சரிதானா என்று கேட்ட பிறகுதானே கையில் கொடுப்பீர்கள்? தோட்டத்துத் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தினமும் காத்துக் கிடந்த நான், அதற்காக உங்களை எவ்வளவு கேலி செய்திருப்பேன்!

ஒரு மழை நாளில்தான் காரணம் சொன்னீர்கள். இளவயதில் நீங்கள் ஒரு சரக்குக் கப்பலில் வயர்லஸ்காரராக இருந்தீர்களாம். ரேடியோ என்றால் பாட்டு என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு, கம்பியே இல்லாமல் புள்ளியும் கோடுமாகச் சேதி காற்றில் போகும் என்று விளங்க வைப்பதற்குள் மூன்று பிளேன்டீ முடிந்தது. கப்பல் பாறையில் மோதி, தண்ணீர் முழங்காலுக்கு ஏறும்வரை நீங்கள் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். வேறொரு கப்பலுக்குக் கேட்டது. வந்து தூக்கிக்கொண்டார்கள். கதை முடிந்தது என்று நான் எழும்பினேன். "உக்காரு, அதுக்குப் பெறகுதான் இருக்கு" என்றீர்கள்.

பிழைத்தவர்களின் பெயரைக் கரைக்கு அனுப்பியதும் நீங்கள்தான். அடுப்பில் கரி போடும் ஒருவன் இரண்டாவது படகில் வருகிறான் என்று யாரோ சொல்ல, அவன் பெயரையும் சேர்த்துத் தட்டிவிட்டீர்கள். படகு வந்தது. அவன் அதில் இல்லை. மறுநாள் 'அந்தப் பெயர் பிழை' என்று தட்டினீர்கள். அதற்குள் ஒரு முழு நாள், மகன் உயிரோடு இருக்கிறான் என்று அவன் தாய் வீடு வீடாகச் சொல்லித் திரிந்திருக்கிறாள். அவளைப் போய்ப் பார்க்க உங்களுக்குத் தைரியம் வரவில்லை. கப்பலை விட்டுவிட்டு, கடல் கண்ணில் படாத இந்த மலைக்கு வந்துவிட்டீர்கள்.

கேட்டேன். கேட்டும் கேலியை நிறுத்தவில்லை. என் தலையில் விழும்வரை எனக்கு எது உறைத்திருக்கிறது?

என் மகன் செல்வராஜ் கப்பல் வேலைக்குப் போனபோது விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். எட்டாம் வகுப்பு படித்த திமிர். தோட்டத்துப் பதிவில் எழுதுவதுபோலத் தகப்பனான என் பெயரை முன்னால் போட்டேன், அதையும் பெரிய எழுத்தில். பின்னால் இருந்த மகன் பெயரை யாரும் கவனிக்கவில்லை. கப்பலில் என் பிள்ளை கருப்பையா ஆகிவிட்டான். "அப்பா, இங்க சமையல்காரர் ஒருத்தரும் கருப்பையாதான், கந்தப்பளைக்காரர். ஒங்கள மாதிரியே வாய் மூட மாட்டேங்கிறார்" என்று எழுதியிருந்தான். வாசித்து நாம் இருவரும் சிரித்தோம்.

அந்தக் கப்பல் புயலில் மூழ்கிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். இரண்டாம் நாள் காலை தந்தி வந்தது. நீங்கள் எழுதுவதைத் தலைகீழாக எட்டிப் பார்த்தே வாசித்துவிட்டேன்: கருப்பையா காப்பாற்றப்பட்டார். கவுண்டர் கம்பிக்குள் கையை நீட்டினேன். நீங்கள் கொடுக்கவில்லை.

"பேரு வந்திருக்கு தம்பி. ஆளு இன்னும் வரல."

நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "ஒங்க பாவத்துக்கு எம்புள்ளய ஏண்ணே புடிச்சி வச்சிருக்கீங்க?"

நீங்கள் கோபப்படவில்லை. அனுப்பியவரிடமே திருப்பித் தட்டிக் கேட்டீர்கள். பிழைத்தவர்களில் ஒரே ஒரு கருப்பையாதான், எந்தக் கருப்பையா என்று தெரியாமல் இரண்டு வீட்டுக்கும் தந்தி போயிருக்கிறது என்று பதில் வந்தது. கம்பிக்குள் நீட்டிய கை தானாக வெளியே வந்தது.

"ஒம் மகனுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணச் சொல்லு. சின்னதா இருக்கட்டும்" என்றீர்கள். கொழும்பு வழியாக, காப்பாற்றிய கப்பலின் வயர்லசுக்கே கேள்வி போகும் என்றீர்கள். குலதெய்வம், அம்மாவின் ஊர் என்று நல்லதாக எதுவும் என் வாயில் வரவில்லை.

"எங்க நாயோட பேரக் கேளுங்கண்ணே."

"என்னா பேரு?"

பின்னால் எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தபால் முத்திரை வாங்க நிற்கிறார். மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை என்றீர்கள்.

"தொரைண்ணே."

தோட்டத்துப் பெரிய தொரை மாதிரியே விடிந்ததும் மலையைச் சுற்றி வருவது, எல்லாரையும் பார்த்துக் குரைப்பது, வேறு வேலை செய்யாதது. வேறு என்ன பெயர்தான் வைப்பது? கணக்கப்பிள்ளை கையிலிருந்த முத்திரையை வெகுநேரம் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. எழுதினீர்கள். திருப்பித் தட்டினீர்கள். காத்திருந்தீர்கள். அன்றைக்கு மட்டும் நான் கேலி செய்யவில்லை. பிறகு வாசித்தீர்கள்: "நாயின் பெயர் தொரை. இன்னும் குரைக்கிறதா?" மறுபடியும் ஒருமுறை வாசித்தீர்கள்.

தபால் பைக்குள் முகத்தை வைத்து அழுது முடித்து நிமிர்ந்தால், நீங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். கந்தப்பளைக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறீர்கள்.

"தந்தி அடிச்சிரலாமேண்ணே."

"ஒருதரம் அடிச்சேன். போதும்."

சமையல்காரரின் லயத்து வீட்டில் நமக்குப் பாயசம் கொடுத்தார்கள். வந்த தந்தியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்து, வெறும் தரையில் உட்கார்ந்து, அவரைப் பெற்ற அம்மாவிடம், பிழைத்தது அவர் இல்லை என்று சொன்னீர்கள். நான் வாசல்படியைத் தாண்டவில்லை.

"அப்ப இந்தத் தந்தியில உள்ளது யாருங்கய்யா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இவரு மகன்" என்று என்னைக் காட்டினீர்கள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் புள்ளயாவது நல்லா இருக்கட்டும்" என்றார். அந்த வார்த்தையை எங்கே வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கடைசி பஸ் வரை அந்தத் தரையை விட்டு எழும்பவில்லை.

அதன்பிறகு வருடா வருடம் அங்கே போனோமே, போகிற பஸ்ஸிலாவது நான் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஊர்க்கதை எல்லாம் பேசினேன், அது மட்டும் வாயில் வரவில்லை. இப்போது கேட்கிறேன் அண்ணே. திருப்பித் தட்டுவீர்களா?

நீங்கள் போனது அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஒரு தந்தி அடித்துவிடலாமே என்றார் உங்கள் நாற்காலிக்கு வந்தவர். வேண்டாம் என்றேன். செல்வராஜ் விடுமுறையில் வந்திருக்கிறான். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் போகிறோம். தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நானே சொல்லுவேன். கடைசி பஸ் வரை எழும்ப மாட்டேன்.

இதை இரண்டு தடவை வாசித்துச் சரிபார்த்துவிட்டேன்.

கப்பலே ஏறாமல் காப்பாற்றப்பட்ட
உங்கள் தம்பி,
கருப்பையா