சாமி பெயரில் ஒரு பங்கு

6-2-1939, திங்கள்

அட்டனில் பனி, கை விறைக்கிறது. என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு மாதம். அவர் விட்டுப்போன ஒற்றை பஸ், அவருடைய அண்ணன் மூத்தார் அழகையாவின் இரண்டு, நூர்தீன் நானாவின் இரண்டு - எல்லாம் சேர்ந்து ஒரே கம்பெனியாகப் போகின்றன. டைரக்டர் மூன்று பேர். மூன்றாவது ஆளாக நான் இருந்தால் என்ன? கேட்டேவிட்டேன். மூத்தார் முகம் சுண்டிவிட்டது. "ஜெயலெட்சுமி, தாலியறுத்தவ சபையில வந்து உக்காரவா?" என்றார்.

பொகவந்தலாவை ரோட்டில் எந்தத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எப்போது நிற்பார்கள் என்று பார்த்து நேர அட்டவணை எழுதியவளே நான். அதை யார் நினைத்தார்கள்?

9-2-1939

கம்பெனிப் பத்திரம் எழுதும் வக்கீல், புரொக்டர் சிவசாமி, டைரக்டர் ஆவதற்கான நிபந்தனைகளை வாசித்தார். இருபத்தொரு வயது நிறைய வேண்டும் - எனக்கு முப்பத்து நான்கு. கடனில் முறிந்தவர் என்று கோர்ட்டில் பெயர் ஏறியிருக்கக் கூடாது - ஏறவில்லை. சம்மதம் எழுதித் தர வேண்டும் - அங்கேயே கையெழுத்துப் போட்டேன். சொந்தப் பெயரில் பத்துப் பங்கு - என் பஸ்ஸுக்குச் சரியாகப் பத்து! "ஆம்பளையா இருக்கணும்னு போட்டிருக்குங்களா?" என்று கேட்டேன். "இல்லைங்கம்மா." வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன்.

20-2-1939

என் பங்கு விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. முதல் பங்கைக் கதிர்காமக் கந்தன் பெயரில் எழுதியிருக்கிறேன். அவர் இருந்தபோது எந்தத் தொழில் தொடங்கினாலும் அப்படித்தான் எழுதுவார். கை தானாக எழுதிவிட்டது. "கந்தசாமி வந்து கையெழுத்துப் போடுவாராம்மா?" என்றார் புரொக்டர். என் பெயரில் ஒன்பதுதான் நிற்கிறது. வெள்ளிக்குள் திருத்தித் தந்தால் உண்டு.

மூத்தார் சும்மா இருப்பாரா? "சாமிக்கு எழுதினத அடிச்சிட்டா நீ உக்காரப் போற?" அய்யோ, என்ன செய்யிறது?

21-2-1939

சோறு இறங்கவில்லை.

23-2-1939

நூர்தீன் நானா வந்தார். "தங்கச்சி, நானும் ஒரு பங்கு பள்ளிவாசலுக்குன்னு ஒதுக்கியிருக்கேன். பத்திரத்துல எம் பேருதான். லாபம் அங்க போகும்."

இவ்வளவுதானா! விளக்கேற்றிக் கந்தனிடம் சொன்னேன்: பங்கு என் பெயரில், அதில் வருவது உனக்கு. பிறகு திருத்தி எழுதினேன்.

3-4-1939

டைரக்டராக எனக்கு முதல் கூட்டம். கொழும்பு ரயிலைப் பிடிக்க முதல் பஸ்ஸைக் கால்மணி முன்னால் விடச் சொன்னேன். மூத்தார் மறிப்பார் என்று இருந்தேன். வெகுநேரம் அட்டவணையைப் பார்த்தார். "அவ சொல்றது சரி," என்றார், நூர்தீன் நானாவிடம்.

17-4-1939, திங்கள்

கம்பெனியின் முதல் ஓட்டம். நல்ல காரியம் என்று பழக்கத்தில் ஜனங்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். மூத்தார் தேங்காயோடு என்னைத் தேடி வந்தார்.

"டைரக்டர் பின்னால நின்னா பஸ் எப்படிம்மா கெளம்பும்? நீயே ஒடை."

ஒரே அடி. இரண்டாகப் பிளந்தது. தேங்காய்த் தண்ணீரில் நனைந்த சேலையை மாற்றாமலேயே இதை எழுதுகிறேன்.