ஆறாவது விதியும் முனுசாமியின் பூட்ஸும்

1932 பெப்ரவரி 15, திங்கள்

வெயில். இரண்டு வாரமாக ஒரு துளி மழை இல்லை. மைக்கூடு பத்து மணிக்கே காய்ந்து போயிற்று.

வாங்க வேண்டியவை: பேனா முள், நல்லெண்ணெய், குடைக்குக் கம்பி. உம்பாய்க் கடற்கரையிலிருந்து வரும் மீன்காரன் இன்றும் வரவில்லை. வீட்டில் பருப்பு, அதற்குப் பக்கத்தில் என் மனைவி தங்கத்தின் உம்மென்ற முகம்.

சிங்கப்பூரிலிருந்து சுற்றறிக்கை. பட்டாளப் பென்ஷன் வாங்கிக்கொண்டே சர்க்கார் வேலையும் பார்ப்பவர்களுக்கு, பென்ஷன் எவ்வளவோ அவ்வளவையும் சம்பளத்தில் கழிக்க வேண்டுமாம். ரப்பர் விலை விழுந்தாலும் விழுந்தது, எல்லார் கழுத்திலும் கத்தி.

பெரிய கிளார்க் என்னைப் பட்டியல் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஒரே பெயர்: பியூன் முனுசாமி. பழைய சிப்பாய், பஸ்ராச் சண்டைக்குப் போனவன். இன்னும் இரண்டு பேர் பென்ஷன் வாங்குவதாகக் காற்றில் பேச்சு. அவர்கள் நிரப்பிக் கொடுத்த பாரத்தில் அந்த இடம் காலி. இவன் மட்டும் முத்து முத்தாக எழுதி வைத்திருக்கிறான். பிழைக்கத் தெரியாத மனிதன்.

பியூன்களில் பூட்ஸ் போடுகிறவனும் இவன் ஒருவன்தான். தபால் பையோடு வராந்தாவில் மார்ச் பண்ணித்தான் வருவான். டக், டக், டக். "பட்டாளம் வருது" என்று ஆபீஸே சிரிக்கும். நான் வீட்டில் நடந்து காட்டித் தங்கத்தைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

16, செவ்வாய்

முனுசாமியிடம் சொன்னேன். நெட்டாக நின்று கேட்டான்.

"சர்க்கார் உத்தரவுங்களா. சரிங்கய்யா."

"பென்ஷனைப் பற்றி யார் உன்னை எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. வாங்குறேன், எழுதினேன்."

"மற்ற இரண்டு பேர்?"

"அது அவங்க பாடுங்கய்யா. என் வாயால வராது."

போகும்போது, கதவருகில், என்னைப் பார்க்காமல்: "பொண்ணு இங்கிலீஷ் ஸ்கூல்ல நாலாவது படிக்குதுங்க. பென்ஷன கழிச்சா பாதிச் சம்பளந்தாங்க, அதுல டவுன்ல வாடகை குடுத்து இருக்க முடியாது. மெர்லிமாவ்ல அண்ணன் எஸ்டேட்டுக்குத்தான் போவணும். அங்க போனா அதுவும் படிப்ப விட்டு ரப்பர்ப் பால் வெட்டத்தான்."

அவ்வளவுதான். டக், டக் என்று போய்விட்டான். நான் சுற்றறிக்கையை எடுத்து இரண்டாம் முறை படித்தேன்.

18, வியாழன்

சுற்றறிக்கையை மூன்றாம் முறை படித்தேன். முதல் இரண்டு முறையும் ஐந்தாவது விதியோடு நிறுத்தியிருக்கிறேன், சோம்பேறி. ஆறாவது: சண்டையில் பட்ட காயத்துக்காகக் கொடுக்கும் பென்ஷனைக் கழிக்கக் கூடாது. அது சம்பளம் அல்ல, இழந்ததற்கு ஈடு. இதை எழுதியவன் எவனோ, நல்ல தாய் பெற்ற பிள்ளை.

ஆனால் முனுசாமிக்கு என்ன காயம்? இருந்தாலும் பென்ஷன் கடுதாசியைக் கொண்டுவரச் சொன்னேன். எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்து வந்தான். இங்கிலீஷில் தெளிவாக இருக்கிறது: காயத்துக்கான பென்ஷன். நிமிர்ந்து பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

பழைய பைல்கள் அறையில் கதவைச் சாத்திவிட்டு இடது பூட்ஸைக் கழற்றினான். முன்பாதியில் துணி அடைத்திருந்தது. காலில் மூன்று விரல் இல்லை.

"சும்மா நடந்தா இழுக்குதுங்கய்யா. மார்ச் பண்ணி நடந்தா தெரியாது."

"ஏன் மறைத்தாய்?"

"நொண்டிக்கு யாருங்க பியூன் வேல குடுப்பா?"

ஒன்பது வருஷம். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு அடியும். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். வெட்கமாக இருக்கிறது, வேறு என்ன எழுத.

இப்போது சிக்கல். காயத்தைச் சொன்னால் சம்பளம் குறையாமல் தப்பும். ஆனால் தகுதியில்லை, மறைத்தாய் என்று வேலையே போகலாம். சொல்லாவிட்டால் பாதிச் சம்பளம், பெண்ணுக்கு எஸ்டேட். யோசித்துச் சொல் என்றேன்.

தங்கத்திடம் எல்லாம் சொன்னேன். கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "நீங்கள் அவரைப் போல நடந்து காட்ட நானும் சிரிச்சனான். இனி அப்பிடிச் செய்யாதேங்கோ." பிறகு: "மனு எழுதிக் குடுங்கோ. உங்கட இங்கிலீஷ் வேற என்னத்துக்கு?"

22, திங்கள்

நான் வருவதற்கு முன்பே முனுசாமி மேசையருகில்.

"எழுதுங்கய்யா. மறச்சதையும் சேர்த்து எழுதுங்க. பென்ஷன மறைக்கல, கால மறச்சிட்டேன். அது உறுத்திட்டே இருந்திச்சு."

மனுவில் நான் போட்டவை: ஆறாவது விதி. பென்ஷன் கடுதாசி. ஒன்பது வருஷத்தில் லீவு எடுத்தது மனைவி செத்த இரண்டு நாள். தொலைந்த கடுதாசி இல்லை. கடைசியில் அவன் சொன்னபடியே கால் விஷயம்.

பெரிய கிளார்க் படித்துவிட்டு, "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. உள்ள வேலையும் போகப்போகுது" என்றார். ஆனாலும் உள்ளே வெள்ளைக்காரத் துரையிடம் அனுப்பினார். அவரும் மனிதர்தான்.

குடை இன்னும் ரிப்பேர் ஆகவில்லை. மழையும் இல்லை, பரவாயில்லை.

26, வெள்ளி

துரை கூப்பிட்டார். நான் மொழிபெயர்க்க. வராந்தாவில் முனுசாமியை நடக்கச் சொன்னார்.

"எப்படி நடக்கணுங்க?"

கேட்டுச் சொன்னேன்: உன் கால் எப்படிப் போகுமோ அப்படி.

நடந்தான். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை, இடது காலை இழுத்துக்கொண்டு. கிளார்க்குகள் எல்லோரும் வாசலில்.

இவன் கொண்டுவந்த தபால் என்றைக்காவது தாமதமாக வந்ததா என்று துரை என்னைக் கேட்டார். ஒரு நாளும் இல்லை என்றேன். குரல் கொஞ்சம் கூடவே எழும்பிவிட்டது. மனுவின் ஓரத்தில் எழுதினார்: வேலைக்குத் தகுதி உண்டு. ஆறாவது விதி பொருந்தும். கழிக்க வேண்டாம்.

முனுசாமி சல்யூட் அடித்தான். துரையும் எழுந்து சல்யூட் அடித்தார். அவரும் சண்டைக்குப் போனவராம், இன்றுதான் தெரியும்.

27, சனி

அரை நாள் ஆபீஸ். காலையில் தூறல், ஒரு வழியாக.

ஒன்பதரைக்கு முனுசாமி தபாலோடு வந்தார். டக், டக் இல்லை. ஒரு அடி, ஒரு இழுப்பு. என் மேசைக்கு வந்து பையை வைத்தார். நான் எழுந்து நின்றேன்.

எங்கள் ஆபீஸில் கிளார்க் எழுவது துரைக்கு மட்டும். பெரிய கிளார்க் பதறிக் கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டே கேட்டார், "துரை வாறாரோ?"

இல்லை என்றேன். உட்காரவில்லை.