இருபத்தேழாம் எண் சீட்டு

ஜனவரி 4, 1971, திங்கள்

சீட்டின் பின்பக்கம் ஒன்றுமே இல்லை.

ஐந்து மாதமாக இதே சீட்டுகளைத்தான் காலுறைக்குள் மடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றுதான் கண்ணில் பட்டது. முன்பக்கம் மில்லின் பெயர், கீழே ‘சரிபார்த்தவர் எண் 27’. பின்பக்கம் வெள்ளை. தபால்தலையை விடச் சற்றே பெரிது. ஒரு சொல் எழுத இடம் இருக்கிறது.

எழுதவில்லை.

ஜனவரி 5

எழுதிவிட்டேன்.

‘ஃபஜல்’. வேலை செய்வதுபோல் பாவனை காட்டிக்கொண்டு சும்மா இருப்பது. பெரிய எழுத்தில், அச்சு மாதிரி. பொருள் எழுத இடம் போதவில்லை. கறுப்புக் காலுறை, ஒன்பதாம் அளவு. எந்த ஊருக்குப் போகுமோ. வாங்குகிறவர் சீட்டைப் பார்ப்பாரா? பார்க்காமல் அடுப்பில் போடுவார். அதுவே நல்லது.

நல்லதா?

ஜனவரி 9, சனி

இந்த வாரம் ஆறு சொற்கள் போயிருக்கின்றன. எனக்குப் பிடித்தது ‘குரோக்’ — அடுத்தவர் சாப்பிடும்போது நமக்கும் கொஞ்சம் தருவாரா என்று பார்த்துக்கொண்டே நிற்பது. எங்கள் நாய் செய்வதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

இந்தச் சொற்களை எடுக்கும் பழைய அகராதி போன வருடம் தேவாலயப் பழம்பொருள் விற்பனையில் கிடைத்தது. அட்டை கிடையாது. அம்மாவுக்கு அதைக் கண்டாலே எரிச்சல். “அதைப் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போற? பேசறதே இல்ல, பேசாதவளுக்கு எதுக்கு இவ்ளோ வார்த்தை?”

பேசாததற்குக் காரணம் அவளுக்குத் தெரியாது. இங்கே எழுதுகிறேன், இனி எழுத மாட்டேன்.

‘மிஸ்லெட்’ என்று ஒரு சொல். தவறான வழியில் இழுத்துச் செல்லப்பட்டான் என்று பொருள். புத்தகத்தில் எழுத்தை மட்டும் பார்த்து அதை நான் பத்து வயதிலிருந்து ‘மைசில்ட்’ என்றே படித்துவந்தேன். ‘மைசில்’ என்று ஒரு வினை இருப்பதாக நானே நினைத்துக்கொண்டேன். பூனைபோல் பதுங்கிவந்து ஒருவரை ஏமாற்றுவது என்று அதற்கு ஒரு பொருளும் வைத்திருந்தேன். போன மார்ச்சில் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். முப்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள், ஆசிரியையும் சிரித்தாள். ஜூலை வரை என் பெயர் கிளெண்டா இல்லை, மைசில்.

பதினைந்து முடிந்ததும் பள்ளியை விட்டேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. காலுறை மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்றாள்.

நான் படித்த சொற்கள் நிறைய. காதால் கேட்டவை கொஞ்சம். எது எப்படி ஒலிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 14

மில் சங்கு ஊதுமுன் இன்றும் வாய்க்கால் பாலத்தில் நின்றேன். நிலக்கரிப் படகு ஒன்று போனது. மூடுபனி. இன்னும் ஒரு படகு வருமா என்று நின்று நின்று கடைசியில் ஓட வேண்டியதாயிற்று.

இன்று அனுப்பியது ‘கொங்கூஸ்லர்’. அகராதியில் இல்லாத சொல். வாய்க்கால்களைப் பற்றிய ஒரு நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், படகுக்காரர்களின் பேச்சு என்று கொடுத்திருந்தார்கள். கரையில் நின்று மணிக்கணக்காகப் படகுகளை வேடிக்கை பார்ப்பவர். வேறு ஒன்றும் செய்யாதவர். எனக்கென்றே யாரோ செய்து வைத்த சொல். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைக்குள் வைத்து அனுப்பினேன்.

ஜனவரி 18, திங்கள்

பதில் வந்திருக்கிறது. எனக்கு இல்லை.

27 என் எண் அல்ல, வின்னியின் எண். ஜோடி சேர்க்கும் மேசையில் புதிதாக வந்தவர்களுக்கு ஓராண்டு வரை சொந்த எண் கிடையாது. யார் பக்கத்தில் உட்கார வைக்கிறார்களோ அவர் எண்ணில்தான் சரக்கு போகும். இது தெரியாமல் இல்லை. பதில் வரும் என்றுதான் நினைக்கவில்லை.

தேநீர் நேரத்தில் வின்னி கடிதத்தைப் பிரித்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். “‘அன்புள்ள இருபத்தேழாம் எண்ணுக்கு, உங்கள் சொல் என் இடது காலுக்கு அடியில் கிடந்தது. ஃபஜல் என்பதை நூலகத்தில் தேடிப் பிடித்தேன். நாற்பது வருடம் அரசு அலுவலகத்தில் அதைத்தான் செய்தேன். பெயர் தெரியாமல் செய்தேன்.’ யாருடி இந்தக் கிறுக்கன்?”

“வின்னிக்கு ஆள் மாட்டிடுச்சு!” எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரில் மேசையைத் தட்டினாள். “காலுறைக்குள்ளேர்ந்து மாப்பிள்ளை!”

“இரு வாத்துக்குட்டி, இன்னும் இருக்கு. ‘பதிலுக்கு என்னுடையது ஒன்று: மபிள்ஃபபிள்ஸ்.’ என்ன எழவு இது? சாப்பிடற சாமானா?” வின்னிக்கு எல்லோருமே வாத்துக்குட்டிதான்.

“உங்க அக்கா வீட்ல ஞாயித்துக்கிழமை போடுவாங்களே, அதுவா இருக்கும்,” என்றாள் பெரில்.

மபிள்ஃபபிள்ஸ் என்றால் காரணமே இல்லாமல் மனம் கவிழ்ந்து கிடப்பது. அப்படித்தான் அவர் அடுத்த வரியில் எழுதியிருக்க வேண்டும்; சிரிப்பில் அதை வின்னி வாசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அகராதியில் பார்த்தேன்.

கடிதத்தை மேசைக்கு மேலே தூணில் ஊசியால் குத்திவைத்திருக்கிறாள். நாள் முழுவதும் என் தலைக்கு மேலே, ஒரு கை தூரத்தில் — எடுத்துப் படிக்க முடியவில்லை. என்னுடையது என்று எப்படிச் சொல்வது? எந்த வாயால்?

ஜனவரி 20

தபால்காரர்கள் வேலைநிறுத்தம். கடிதம் ஏதும் வராது, போகாது.

ஜனவரி 27

உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அம்மா கேட்டாள், “கால்ல எறும்பா?”

எத்தனை பேர் எழுதி, எத்தனை கடிதங்கள் எந்தப் பெட்டியில் கிடக்கின்றனவோ. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சொல் அனுப்புவதை நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை.

பிப்ரவரி 9, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் கடற்கரை ஊரிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் தன் வண்டியிலேயே வந்தார். தபால் இல்லை, அதனால் புகாரைக் கையில் கொண்டுவந்தார். அவர் கடையில் சாம்பல் நிறக் காலுறை வாங்கியவர் ஓய்வு பெற்ற நீதிபதி. உள்ளே ‘கொங்கூஸ்லர்’. தன்னைத்தான் யாரோ திட்டியிருக்கிறார்கள் என்று நீதிபதி முடிவு கட்டிவிட்டார். கடையையே மாற்றிக்கொள்வேன் என்றாராம்.

மேலாளர் மிஸ்டர் ஹாலம் அலுவலக அகராதியில் தேடினார். இல்லை. அகராதியில் இல்லாத சொல் என்றால் அச்சிட முடியாத சொல்லாகத்தான் இருக்கும். சாயப்பட்டறை ஆள் ஒருவன், கேட்டதும் தரையைப் பார்த்துக்கொண்டு, “பொம்பளைங்க இருக்கற இடத்துல சொல்ல மாட்டேன் சார்” என்றானாம். அவனுக்கும் ஒன்றும் தெரியாது, விளையாட்டு. அதோடு அது அசிங்கமான சொல் என்றே முடிவாகிவிட்டது.

பிறகு மிஸ்டர் ஹாலம் எங்கள் மேசைக்கு வந்தார். தூணில் குத்தியிருந்த கடிதத்தைப் பார்த்தார். எடுத்து முழுவதும் வாசித்தார்.

“ரொம்ப நாளா நடக்குது போல, வின்னி.”

“நான் எழுதல மிஸ்டர் ஹாலம். யாரோ கிறுக்கன் போட்ட லெட்டர்னு சிரிச்சுட்டுக் குத்தி வெச்சேன், அவ்ளோதான்.”

“இருபத்தேழு உங்க நம்பர்தானே?”

“என் நம்பர்தான்.”

“அப்போ இந்தப் புதுப் பொண்ணா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வின்னி சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். “யாரு, கிளெண்டாவா? வாய்ல விரல வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது சார் அதுக்கு. பாவம், அதை விடுங்க.”

நான் ஒரு பழுப்புக் காலுறையைக் கறுப்போடு ஜோடி சேர்த்தேன். யாரும் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 10

வின்னி ஒத்துக்கொண்டால் மிஸ்டர் ஹாலம் எச்சரிக்கையோடு விட்டுவிடுவாராம். வெள்ளி மாலைக்குள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேலை இல்லை.

பெரில் சொன்னாள்: “நாந்தான்னு சொல்லித் தொலையேன்டி. ஒரு வார்த்தை. முடிஞ்சுது.”

“பத்தொம்பது வருஷம்,” என்றாள் வின்னி. “ஒரு ஜோடி மாத்திப் போட்டதில்ல. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்ல என் நாக்கு வளையாது.”

அந்தச் சொல் இப்போது மில் முழுக்கச் சுற்றுகிறது. தொழிற்சங்கத்தின் ரகசியச் சொல் என்கிறார்கள், அடுத்த வேலைநிறுத்தம் இங்கேதானாம். ரஷ்ய மொழி என்கிறாள் துணி மடிப்பவள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உச்சரிக்கிறார்கள். காது கூசுகிறது.

என்னால்தான். என்னால்தான்.

பிப்ரவரி 11

கழிவறையில் அழுதுகொண்டிருந்தேன். வின்னி வந்து பார்த்துவிட்டாள். தனக்காக அழுகிறேன் என்று நினைத்துக் கைக்குட்டையைக் கொடுத்தாள். “விடு வாத்துக்குட்டி. நான் என்ன கண்ணாடியா, தூக்கிப் போட்டா உடையறதுக்கு? நான் வேற மில் பாத்துக்குவேன்.” ஐம்பத்து நான்கு வயதில் எந்த மில்?

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு அடி தூரத்தில் நின்றாள். வாயைத் திறந்தேன். “தேங்க்ஸ்” என்றேன்.

சீ.

கடிதமாக எழுதி மேலாளர் மேசையில் வைத்துவிடலாமா? எழுதினேன். கிழித்தேன். என் கையெழுத்து யாருக்குத் தெரியும், வின்னியே ஆள்வைத்து எழுதினாள் என்பார்கள். போய் நின்று சொல்ல வேண்டும். சொல்வதென்றால் அந்தச் சொல்லையும் சொல்ல வேண்டும். அதை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. யாரும் சரியாகச் சொல்லிக் கேட்டதும் இல்லை. முதல் எழுத்தை அழுத்துவதா, நடுவிலா? தப்பாகச் சொல்லி அவர் சிரித்துவிட்டால்?

சிரித்தால் என்ன, வின்னிக்கு வேலை போகிறது! எதை யோசிக்கிறேன் நான்?

பிப்ரவரி 12, வெள்ளி

பன்னிரண்டு மணிக்கு மிஸ்டர் ஹாலமின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று நினைவில்லை. துணிக்கடைக்காரரின் புகார் மேசைமேல் கிடந்தது. கணக்கர் பெண்ணும் இருந்தாள்.

“என்ன?”

“நான் சார்.”

“நீ என்ன?”

“எழுதினது நான். எல்லாமே. வின்னிக்குத் தெரியாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ என்ன அர்த்தம்? சொல்லு.”

சொன்னேன். நடுவில் அழுத்தி, கொங்-கூஸ்-லர் என்று. அறையில் யாரும் சிரிக்கவில்லை. கணக்கர் பெண்ணைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன் — அப்புறம்தான் உறைத்தது. நான் சொன்னது சரியா தவறா என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

“வாய்க்கால்ல படகு போறத நின்னு வேடிக்கை பாக்கறவங்க சார். படகுக்காரங்க சொல்றது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார்.”

“அசிங்கம் இல்ல?”

“இல்ல சார்.”

“சங்கம்?”

“இல்ல சார். படகுதான்.”

அவர் மெல்ல, தனக்குள், ஒருமுறை சொல்லிப் பார்த்தார். முதல் எழுத்தை அழுத்தினார். பிறகு முகம் மாறி, நீதிபதிக்கு நானே மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்றார். “அதுக்கு முன்னாடி கீழ போய், மேசைல எல்லார் முன்னாடியும் இதைச் சொல்ற. நானும் வரேன்.”

நாற்பது பெண்கள். எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். சொன்னேன். என் குரல் யாருடையதோ போல இருந்தது.

பெரில் மட்டும், “அடேங்கப்பா, ஊமைக் கோட்டான்!” என்றாள்.

எல்லோரும் வேலைக்குத் திரும்பிய பிறகு, வின்னி என்னைப் பார்க்காமல் பேசினாள். “அந்த ஆளு கேட்டப்ப உனக்காக நான் சிரிச்சேன், கிளெண்டா. நேத்து கைக்குட்டை குடுத்தேன். மூணு நாளு பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஜோடி சேத்துக்கிட்டு இருந்திருக்க.”

நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி 15, திங்கள்

புதுக் காசு நாள்; ஷில்லிங் கணக்கு போய், இனி நூறு பென்னி ஒரு பவுண்டு. உணவகத்தில் எல்லோரும் காசைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். எனக்கு இன்னொரு புதுசு: சொந்த எண். ஓராண்டு ஆகவில்லை, ஆனாலும் 41 என்று அடித்த ஒரு கட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். “இனிமே எது வந்தாலும் உன் தலையில,” என்றார் மிஸ்டர் ஹாலம்.

வின்னியின் முதுகு.

பிப்ரவரி 19

முதுகு.

பிப்ரவரி 24

இன்று கத்தரிக்கோல் கேட்டேன். கொடுத்தாள். பெரில் வழியாக.

இந்த வாரம்போல் நான் யாரோடும் இவ்வளவு பேசியதில்லை. ஒவ்வொருத்தியாக வந்து கேட்கிறார்கள், குரோக் என்றால் என்ன, இன்னும் என்னென்ன அனுப்பினாய் என்று. சொல்கிறேன். தப்பாக உச்சரிக்கிறேனோ என்னவோ, யாருக்குத் தெரியும்? ஆனால் நான் பேச வேண்டியவள் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இரண்டு முறை. இன்னும் எத்தனை முறை? எத்தனை முறை கேட்டால் போதும் என்று யார் சொல்வார்கள்?

மார்ச் 3, புதன்

சொல் எழுதுவதை விட்டு மூன்று வாரம் ஆகிறது. சீட்டின் பின்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

மூன்று மணி இருக்கும். வின்னியின் கட்டு முடிந்தது. அடுத்த கட்டுக்கு எழுந்தவள் என் பக்கமாக எட்டி, என் சீட்டுக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்தாள். காதில் செருகியிருந்த பென்சிலை நக்கி, பின்பக்கத்தில் ஏதோ எழுதினாள். நேரம் எடுத்து எழுதினாள். 41 மேலே தெரியும்படி திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திருப்பிப் பார்த்தேன். ‘மார்டி’. எங்கள் ஊரில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசாமல் இருப்பவர்களைச் சொல்வது. யாரைச் சொல்கிறாள், தன்னையா, என்னையா? ஒரு எழுத்து வேறு தப்பு.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாற்காலி அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.

என் எண். புகார் வந்தால் எனக்குத்தான் வரும்.

கறுப்பு, பத்தாம் அளவு. மடித்தேன், சீட்டை உள்ளே வைத்தேன், உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டேன்.