இரண்டு மாமன்கள், ஒரு மடக்குக் கத்தி

சிட்லபாக்கம்,
மே 3

என் அருமை மருமகள் சின்மயிக்கு,

சிட்லபாக்கம் ஏரியையும் அதன் சகல கொசுக்களையும் ஒரு குடைக்கீழ் ஆண்டுவரும் உன் தாய்மாமன் சுந்தரராமன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, மாடியில் காயும் வடாம் எல்லாரும் சௌக்கியம். மே மாதத்திலும் ஸ்வெட்டர் போடுகிற அந்த ராட்டர்டாமில் நீயும் மாப்பிள்ளை சிவகுமாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அது உன் அம்மாவின் ராஜ்ஜியம். நான் ஒரு வரி எழுதினால் அதன் கீழே மூன்று பூங்கொத்தைப் போட்டு விஷயத்தையே மூடிவிடுவாள். அதனால் முறைப்படி கடிதமாக எழுதி இமெயிலில் அனுப்புகிறேன்.

இரண்டு கத்திப் படங்களை அனுப்பிவிட்டு, தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள எது நல்லது மாமா, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். யாருக்கு என்று நீ சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? வருகிற ஆனியில் உன் மாமனுக்கு எழுபது முடிகிறது என்பது மூன்று உலகங்களுக்கும் தெரியும்.

முதல் படத்தில் இருப்பது என் கத்தியின் ஒன்றுவிட்ட தம்பி. அதே மரப்பிடி, அதே பித்தளை ஆணி, நகத்தைக் கொடுத்துத் திறக்க அதே சின்னப் பள்ளம். என் கத்தியைப் பற்றி நானே பெருமையாகப் பேசக் கூடாது. இருந்தாலும் தாம்பரம் பார்சல் ஆபீசில் அது அறுத்த சணல் கயிற்றையெல்லாம் முடிச்சுப் போட்டால், நிலாவைக் கட்டிச் செங்கல்பட்டுவரை இழுத்து வந்துவிடலாம். உன் முதல் பென்சிலைச் சீவியது அதுதான். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது அதைக் கேட்டுக் கையை நீட்டுவாய். நான் தரமாட்டேன். தரையில் வைப்பேன், நீ குனிந்து எடுத்துக்கொள்வாய். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், பரிசாகவே கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று உனக்கு எத்தனை முறை பாடம் எடுத்திருக்கிறேன்! உன் கல்யாணத்துக்கு யாரோ கொண்டுவந்த பழக்கத்தி செட்டை மண்டப வாசலோடு திருப்பி அனுப்பியதற்கு உன் அம்மா இன்றுவரை என்னைத் திட்டுகிறாள்.

இப்பேர்ப்பட்ட நான் சொல்லும் தீர்ப்பைக் கேள். இரண்டாவது படம்தான்.

நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன். வயதானால் நகம் உடைகிறது. பழைய கத்தியைத் திறப்பதற்குள் பால் பாக்கெட்டில் பால் தயிராகிவிடுகிறது. இரண்டாவதைக் கட்டை விரலால் ஒற்றைக் கையிலேயே திறக்கலாம் என்று பார்த்தேன். பூட்டு இருப்பதால் விரல்மேல் மடங்காது. துருவும் பிடிக்காது. பாக்கெட் ஓரத்தில் செருகக் கிளிப் வேறு. எனக்கு ஒன்றும் வேண்டாம், செலவு செய்யாதே. ஆனால் வாங்குவதானால் கறுப்புப் பிடி.

நீ நூறு வருடம் வாழ வேண்டும். நூற்றியிருபது கேட்டால் பேராசை என்பார்கள்.

உன் மாமன்,
சுந்தரராமன்


சிட்லபாக்கம்,
மே 26

மகாகனம் பொருந்திய திருமதி சின்மயி சிவகுமார் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் தாயாரின் அண்ணன் என்ற முறையில் இதை எழுதும் உரிமை எனக்கு இன்னும் இருப்பதாக நம்பி எழுதுகிறேன்.

நேற்று உன் அம்மா என்னை மேடவாக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சம்பந்தி வீட்டுக்கு மாவடு கொடுக்க வேண்டுமாம். உன் மாமனார் ஜெயவேலுவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் அப்பா நெல் விளைவித்த நிலத்தில் அவர் நாலு மாடி விளைவித்துவிட்டு, கீழ்த்தளத்தில் உட்கார்ந்து தண்ணீர் லாரிகளை அதட்டிக்கொண்டிருக்கிறார். வா சார், குந்து சார் என்று ஆசையாகத்தான் வரவேற்றார். மாவடு பாட்டிலைச் சுற்றியிருந்த நூலைப் பார்த்தார். சட்டைப் பையில் கை போட்டார். டிக் என்று ஒரு சத்தம்.

சின்மயி, அந்தச் சத்தத்தில் பரங்கிமலை ஓர் அடி நகர்ந்தது.

கறுப்புப் பிடி. கட்டை விரலில் திறக்கிறது. கிளிப் இருக்கிறது. மருமவ அனுப்பிக்கீது சார், கொரியர்ல வந்துச்சு, சோக்கா கீதுல்ல என்றார். நான் என் ஆயுள் அனுபவத்தையெல்லாம் பிழிந்து தேர்ந்தெடுத்த கத்தி, என் கண் எதிரில், அவர் கையில்!

அதற்கப்புறம் அவர் செய்ததைக் கேள். பாட்டில் நூலை அறுத்தார். உன் அம்மாவின் புடவைத் தலைப்பில் பிரிந்திருந்த இழையை அறுத்தார். வீட்டில் அறுக்க வேறு எதுவும் இல்லாமல் போய், பிஸ்கட் பாக்கெட்டை நாலு பக்கமும் அறுத்தார். இன்னா சார் மூஞ்சி ஒரு மாதிரி கீது என்று வேறு விசாரித்தார். வெயில் என்றேன். சாயங்காலம் ஏழு மணிக்கு.

பாரு சார், புடி சார் என்று பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார். கீழே வையுங்கள் சம்பந்தி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேண்டுமென்றே அவர் கையிலிருந்தே வாங்கினேன். வரட்டும் சண்டை, நன்றாக வரட்டும் என்றுதான். உன் அம்மா பார்த்துவிட்டு என் தொடையில் கிள்ளினாள். இன்னும் கன்றியிருக்கிறது. ஆட்டோவில் திரும்பும்போது, என்னண்ணா, பொறாமையா என்று கேட்டாள். சேச்சே, வயிற்றில்தான் எரிச்சல், அவர்கள் வீட்டு மிளகாய் பஜ்ஜி என்றேன்.

கத்தி போகட்டும். இரும்புதானே. என்னை மாமா என்கிறாய், அவரையும் மாமா என்கிறாய். நான் மருமகள் என்கிறேன், அவரும் மருமகள் என்கிறார். அவர் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறது. ஜூலையில் வரும்போது விமான நிலையத்திலிருந்து நேரே அங்கேதான் போய் இறங்கப் போகிறாய் என்று உன் அம்மா சொல்கிறாள். என்னிடம் என்ன இருந்தது? ஒரு கத்தி இருந்தது. இப்போது அவரிடமும் ஒன்று இருக்கிறது.

கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
பழைய மாமன்


சிட்லபாக்கம்,
ஜூன் 16

என் செல்ல மருமகள் சின்மயிக்கு,

உன் பதிலைப் படித்தேன். மூன்று பக்கம் அழுதவனுக்கு ஒரே ஒரு வரி. நீங்கள் சொல்லிக்கொடுத்த பிறகு உங்களுக்கு நான் எப்படி மாமா கத்தி கொடுப்பேன், பயமாக இருக்காதா என்று கேட்டிருக்கிறாய். நான் எடுத்த பாடம் என்னையே குத்தும் என்று எனக்குத் தெரியாது. அந்த வரியை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கீரைக்காரம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஏரியில் ஒரு கொக்கு நின்றது, அதற்கும் படித்துக் காட்டினேன்.

இருந்தாலும் உள்ளே ஒரு முள். எனக்குக் கொடுக்க முடியாது, சரி. அதை ஏன் அவருக்குக் கொடுத்தாய்?

அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வந்து இறங்கியது. உன் மாமனாரேதான், ஒரு கூடை நீலம் மாம்பழத்தோடு. உள்ளே வந்தவர் காபிகூட வேண்டாம் என்றுவிட்டு, சார், உன் பழைய கத்திய கொஞ்சம் காட்டு சார் என்றார். எதற்கு என்றேன். மனிதர் கூரையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், அப்புறம் போட்டு உடைத்தார்.

வீடியோ கால்ல மாம்பழம்னு வாயத் தொறந்தா போதும் சார், எங்க மாமா கத்தியில சீவினா தோலு ரிப்பன் மாரி வரும், எங்க மாமா கத்தியில சீவினா ரிப்பன் மாரி வரும்னு இதே பாட்டு. எனுக்கும் மருமவதானே அது? பேஜாராப் பூட்ச்சு. அதான் எனுக்கும் ஒரு கத்தி வாங்கிக் குடும்மானு நானே வாய்வுட்டுக் கேட்டேன். அனுப்பிச்சு. ஆனா சார், இத்தினி நாளா சீவிப் பாத்துட்டேன், ரிப்பன் வர்லியே!

கேட்டாயா சின்மயி? நான் அவர் கத்தியைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன். அவர் அதற்கு முன்னாலிருந்தே என் கத்தியை நினைத்து வெந்துகொண்டிருந்திருக்கிறார். இந்தக் கோடையில் தாம்பரம் பக்கம் அடித்த அனலுக்குக் காரணம் சூரியன் இல்லை, நாங்கள் இரண்டு பேரும்தான்.

உடனே போட்டி வைத்தோம். உன் அம்மா நடுவர். அவர் கத்தி பெட்டி பிரிக்க, பிளாஸ்டிக் கயிறு அறுக்க அரசன். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலகு தடிமன். தோலோடு சதையையும் அள்ளிக்கொண்டு, துண்டு துண்டாக விழுந்தது. என் கத்தி பீங்கான் கோப்பையின் அடியில் தீட்டித் தீட்டித் தேய்ந்து வெற்றிலை மாதிரி ஆகிவிட்ட கத்தி. தோல் அறுபடாமல் சுற்றிச் சுற்றி வந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் கிழக்குத் தாம்பரத்தைத் தொட்டிருக்கும். பழத்துக்குள் ஒரு வண்டு இருந்தது. அதுகூட எழுந்து நின்று பார்த்தது.

ஜெயித்ததும் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். மேடவாக்கத்திலிருந்து வந்த அன்று என் வீட்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தேன்.

நான் ஒரு தபா சீவிப் பாக்கட்டா சார் என்று கையை நீட்டினார். நான் கையில் கொடுக்கவில்லை. கத்தியைத் துடைத்து, தரையில் வைத்தேன். இன்னா சார் கோவமா என்று பதறிவிட்டார். அதில்லை சம்பந்தி, சண்டை வரக் கூடாதவர்களுக்கு இப்படித்தான் வைப்பேன் என்றேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்தார். இரண்டாவது பழத்தில் அவருக்கும் ஒரு முழம் வந்தது. நீ பார்க்க வேண்டும் என்று அதைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டார். பார்த்திருப்பாய். ஓரத்தில் தெரிகிற கை என்னுடையது.

ஆகவே எனக்குப் புதுக் கத்தி வேண்டாம். முதல் படமும் வேண்டாம், இரண்டாவது படமும் வேண்டாம். என்னுடையதே போதும். எழுபதாவது பிறந்தநாளுக்கு நீ வந்தால் போதும்.

விமான நிலையத்திலிருந்து முதலில் எந்த வீடு என்று நான் கேட்கமாட்டேன். பெருந்தன்மை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் மேடவாக்கத்துக்குச் சிட்லபாக்கம் வழியாகத்தான் போக முடியும். மேப் வேறு வழி காட்டினால் நம்பாதே, அதைச் செய்தவன் இந்தப் பக்கமே வந்ததில்லை. சம்பந்தியிடமும் பேசிவிட்டேன். அவரும் இங்கேயே வந்து காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். நீலம் முடிவதற்குள் வந்துவிடு, அம்மா. தினமும் சாயங்காலம் பழக் கூடையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, கத்தியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். குனிந்து எடுக்கத்தான் ஆள் இல்லை.

உன் முதல் மாமன்,
சுந்தரராமன்