கொழும்பிலிருந்து வந்த பழுப்பு உறை

லுணுகலை, 13.8.1974, செவ்வாய்

தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிந்து வந்தபோது, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் எல்லாரும் என் வாசலில் நின்றார்கள். கொழும்பிலிருந்து பழுப்பு உறை வந்திருந்தது. இங்கே பிரஜாவுரிமை இல்லாத எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: இந்தியாவுக்குப் புறப்படு. பிரித்துக்கூடப் பார்க்காமல், நான் வருமுன்பே என் மனைவி செல்லம்மா, வளர்த்த கோழியைப் பக்கத்து வீட்டு மாரியாயிக்குக் கொடுத்துவிட்டாள்.

நான் பிரித்தேன். தோட்டத்து அணிக்கு ஆடும் என்னை இலங்கை உதைபந்தாட்ட அணிக்கு எடுத்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு வயதில். மூன்று தடவை சத்தமாகப் படித்தேன்.

"அப்ப கோழிய திருப்பிக் கேக்கவா?" என்றாள் செல்லம்மா.

"கொழம்பு கொதிச்சிருச்சுக்கா. எல்லாரும் சாப்பிட வாங்க" என்றாள் மாரியாயி.

வயிறு முட்டத் தின்றோம். வெளிநாட்டு ஆட்டத்துக்கு பாஸ்போர்ட் கேட்பார்கள். அதற்குப் பிரஜாவுரிமை வேண்டும்; நான் போட்ட மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. அதுவும் பழுப்பு உறையில்தான் வரும். வரட்டும். தூக்கிக் கொடுக்க இனிக் கோழியும் இல்லை.