நாலு அறையும் கச்சிதம்

என்னங்க,

பேக்கரியில இருந்து வந்ததும் முதல்ல உட்காருங்க. பயப்படாதீங்க, நல்ல சேதிதான். கோபத்துல போனை வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டீங்க, அதான் இந்தச் சீட்டு.

நானும் கோபத்துல உங்ககிட்ட சொல்லாமலே காலையில வயித்துல இருக்கிற பாப்பாவோட இதய ஸ்கேனுக்குப் போயிட்டு வந்துட்டேன். டாக்டரம்மா அரை மணி நேரம் திரையையே உத்து உத்துப் பார்த்தாங்க. எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு. அப்புறம் சிரிச்சாங்க. "இதயத்துல நாலு அறையும் கச்சிதமா இருக்கும்மா. உங்க பிள்ளைதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது"ன்னாங்க!

நீங்க போன்ல படிச்சதையும் கேட்டுட்டேன். நம்ம பாப்பா மாதிரி கருத்தரிப்பு சிகிச்சையில உண்டான குழந்தைங்களுக்கு இதயக் கோளாறு வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்ங்கிறது நிஜம்தானாம். அதனாலதான் இந்த ஸ்கேனே. ஆனா பெரும்பாலான குழந்தைங்க நல்லபடியாத்தான் பிறக்குதாம்.

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சந்தோஷத்துல உப்பை ரெண்டு தடவை போட்டுட்டேன்னு நினைக்கிறேன், பொறுத்துக்குங்க. மூணு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். அவர் வாழ்த்து சொன்னா முழிக்காதீங்க, அவர்கிட்டயும் சொல்லிட்டேன். பஸ் கண்டக்டர்கிட்டயும்தான்.

பள்ளிக்கூடத்துல என் மதிய வகுப்புக்கு மணி அடிச்சிருக்கும், ஓடுறேன்.

பி.கு.: "சிகிச்சைக்கு அவசரப்பட்டுட்டோமோ"ன்னு நேத்து கேட்டீங்களே, அதே கேள்வி ஒரு மாசமா எனக்குள்ளயும் ஓடிக்கிட்டிருந்துச்சு. அதான் அவ்வளவு கோபம் வந்துச்சு.

இன்னொண்ணு: ஸ்கேன் அறையில நர்ஸ் கையைத்தான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். பாவம், அவங்க விரலெல்லாம் சிவந்து போச்சு. அடுத்த தடவை உங்க விரலைக் கொண்டு வாங்க.